வெள்ளிக்குப் பதில் ஞாயிறு

மாணவர் பிரதிநிதி ஆனதில் எனக்குக் கிடைத்த முதல் பலன், ஞாயிற்றுக்கிழமை முழுதாகக் கைவிட்டுப் போனது. அதற்கு முன்னால் பாதி ஞாயிறாவது மிச்சம் இருந்தது.

எங்கள் ஊர் அணைக்கட்டுப் பக்கம். எங்கே போவதானாலும் பள்ளிகொண்டாவுக்கு வந்துதான் பேருந்து பிடிக்க வேண்டும். வாரத்தில் ஆறு நாள் சாலையின் ஒரு பக்கம் நின்று ஆம்பூருக்கு ஏறுவேன். ஏழாம் நாள் எதிர்ப்பக்கம் நின்று வேலூருக்கு. ஆம்பூரில் ஒரு தோல் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஷூ கம்பெனிகள் அனுப்பும் தோல் துண்டுகளை இயந்திரத்தில் மாட்டி மடக்கி மடக்கி விரிசல் விடுகிறதா என்று பார்ப்பது, ஈரத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பது, இழுத்துக் கிழித்து எவ்வளவு தாங்கியது என்று குறிப்பது. டிப்ளமோ முடித்ததும் சேர்ந்தேன். பிரிவுப் பொறுப்பாளர் ஆக வேண்டுமானால் ஏதாவது ஒரு பட்டம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த 'ஏதாவது ஒன்று'க்காகத்தான் தொலைதூரக் கல்வியில் பி.பி.ஏ. சேர்ந்து, ஞாயிறுதோறும் வேலூரில் ஒரு கல்லூரியில் நடந்த நேர்முக வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு வகுப்பு முடிந்ததும் ஒருங்கிணைப்பாளர் சார், ஒவ்வொரு கல்வி மையத்துக்கும் ஒரு மாணவர் பிரதிநிதி வேண்டும் என்று பல்கலைக்கழகம் கேட்டிருப்பதாகச் சொன்னார். அவர் அதே கல்லூரியில் வணிகவியல் ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்களுக்கு ஒருங்கிணைப்பாளர். யார் வருகிறீர்கள் என்று அவர் கேட்டதும் வகுப்பு மொத்தமும் குனிந்து கைபேசியைப் பார்த்தது. நானும் கைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் நான் சாரிடம் கேட்க வேண்டியதை வரிசையாகத் தட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாம் பருவத்துப் புத்தகம் வரவில்லை. அசைன்மென்ட்டை எந்த முகவரிக்கு அனுப்புவது. ஹால் டிக்கெட்டில் படம் மங்கலாக வந்தால் யாரிடம் சொல்வது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"சார், இந்தப் பொண்ணு லிஸ்டே போட்டு வெச்சிருக்குது."

தேர்தல் அவ்வளவுதான். எல்லோரும் கைதட்டினார்கள். தப்பித்தவர்கள் தட்டும் கைதட்டல் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பிரதிநிதி ஆவதால் என்னென்ன நன்மை என்று சார் விரல்விட்டுச் சொன்னார். சான்றிதழ் தருவார்கள். தலைமைப் பண்பு வளரும். வேலை விண்ணப்பத்தில் ஒரு வரி கூடும். பல்கலைக்கழக அதிகாரிகளோடு நேரடித் தொடர்பு கிடைக்கும். நான்கையும் குறித்துக்கொண்டேன். நேரடித் தொடர்பு என்பது ஒரு தொலைபேசி எண். அது அடிக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "இதுல இன்னாடி கெடைக்குது உனக்கு?" என்று கேட்டாள். குறித்து வைத்ததைப் படித்துக் காட்டினேன். அம்மா முழுக்கக் கேட்டாள். பிறகு, எப்படியும் வாராவாரம் போகத்தானே போகிறாய், அடுத்த வாரம் லாங் பஜாரில் மிளகாய் வாங்கி வா என்றாள்.

அதன் பிறகு என் கைபேசி எனக்கானதாக இல்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்வியைப் பத்துப் பேர் பத்து மாதிரி கேட்பார்கள். பதில் போட்டால், மேலே இருக்கும் அந்தப் பதிலைப் படிக்காமல் பதினோராவது ஆள் கேட்பார். நான் நிதானமானவள் என்று பரிசோதனைக் கூடத்தில் எனக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயருக்கு உள்ளே எதுவோ எந்நேரமும் நடந்துகொண்டே இருந்தது. சாப்பிடும்போது எழுந்து போய்க் கைபேசியைப் பார்த்துவிட்டு வந்து உட்காருவேன். ஒரு திங்கட்கிழமை காலை, வேலைக்குப் போகிற நாளில், வேலூர்ப் பக்கம் போய் நின்று இரண்டு பேருந்தைப் பார்த்துக் கைகாட்டிக்கூட விட்டேன்.

அக்கா என்னிடம் வந்தது அந்தச் சமயத்தில்தான். உறவு எதுவும் இல்லை. வகுப்பில் எல்லோருக்கும் அவர் அக்கா. கடைசி பெஞ்சில் உட்காருவார். மதியம் பாதி வகுப்பில் அவருக்குத் தலை ஆடும். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் போஸ்ட் மெஷினில் வேலை. சாதாரண தையல் மெஷினில் துணியைத் தட்டையாக வைத்துத் தைப்பார்கள். போஸ்ட் மெஷினில் ஊசிக்குக் கீழே ஒரு தூண் நிற்கும். ஷூவின் குதிகால் மாதிரி வளைந்த பகுதிகளை அந்தத் தூணைச் சுற்றித் திருப்பித் திருப்பித் தைக்க வேண்டும். நாள் முழுக்கக் கழுத்து ஒரே கோணத்தில் இருக்கும்.

அக்கா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "ரெப் நீதானம்மா?" என்று கேட்டார். ஒரு விஷயத்தைச் சாரிடம் கேட்டுச் சொல்ல வேண்டும், தனக்கு இங்கிலீஷில் வரும் விளக்கம் புரியாது என்றார். அவர் சேர்ந்து பல வருடம் ஆகியிருந்தது. நடுவில் இரண்டு பிரசவம். எல்லாத் தாளும் தேறிவிட்டார், புள்ளியியல் மட்டும் அரியர். பல்கலைக்கழகம் படிப்பை முடிக்க இத்தனை வருடம்தான் என்று ஒரு கெடு வைத்திருந்தது. அது இந்தப் பருவத்தோடு முடிகிறதா, அடுத்ததும் உண்டா என்பதுதான் அவர் கேள்வி.

சாரிடம் கேட்டேன். இந்தப் பருவத்தோடு முடிகிறது. இந்தத் தேர்வைத் தவறவிட்டால் தேறின தாள்கள் எல்லாம் செல்லாது. முதலிலிருந்து பணம் கட்டிச் சேர வேண்டும்.

அக்கா அதைக் கேட்டுவிட்டுச் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆபீசர் ஆவணும்னு படிக்கலம்மா. இந்த மெஷின்ல கழுத்து போய்டுது. ஃபினிஷிங் ரூம்ல செக்கிங் சீட்டு ஒண்ணு காலியாவப் போவுது, நேரா உக்காந்து பாக்குற வேல. டிகிரி இருந்தா உனக்குத்தான்னு சொல்லியிருக்காங்க."

அன்றிலிருந்து ஞாயிறு மதிய இடைவேளையில் நாங்கள் இரண்டு பேரும் கல்லூரி கேன்டீன் மூலையில் புள்ளியியல் போட்டோம். திட்டவிலக்கம் கணக்கை அக்கா கடைசி வரி வரைக்கும் சரியாகக் கொண்டு வருவார். கடைசியில் வர்க்கமூலம் எடுக்க மறந்துவிடுவார். ஒவ்வொரு முறையும். நான் பென்சிலால் அந்த இடத்தைத் தட்டினால், "ஐயோ, ரூட்டு" என்று தலையில் அடித்துக்கொள்வார். இரண்டு தடவை தேறாமல் போனதற்கு அந்த ரூட்டும் ஒரு காரணமாக இருக்கலாம். முந்தின நாள் ஷிஃப்ட் முடித்து இரவு தூங்காமல் போய் எழுதினது இன்னொரு காரணம்.

தேர்வு ஒரு வெள்ளிக்கிழமை. அது ஏற்றுமதி நெருக்கடிக் காலம். ஷிப்மென்ட் நேரத்தில் எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் லீவு என்ற சொல்லே கிடையாது. ஆனால் வழி இல்லாமல் இல்லை. லீவு கேட்கக் கூடாது. ஆள் வைத்துவிட்டுப் போகலாம். வரிசையில் ஒரு மெஷின் நின்றால் பின்னால் இருக்கும் அத்தனை மெஷினும் நிற்கும் என்பதுதான் சூப்பர்வைசருக்குக் கவலை. உன் மெஷினில் உட்காரத் தெரிந்த ஒருத்தியை வேறு பிரிவிலிருந்து கூட்டி வந்து உட்கார வைத்தால், அவர் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிடுவார். அவளுக்கு ஒரு கஷ்டம் வரும்போது நீ போய் உட்கார வேண்டும். அக்காவுக்கு, புது மாடலுக்கு மாதிரி ஷூ தைக்கும் அறையில் ஒரு தோழி இருந்தாள். மாதிரி அறைக்காரர்களுக்கு எல்லா மெஷினும் கைவரும். இதுவரை எழுதின தேர்வையெல்லாம் அக்கா அப்படித்தான் எழுதினார். எங்கேயும் எழுத்தில் இல்லை.

நாங்கள் அதை எழுத்தில் கொண்டுவந்தோம்.

பல பேருக்குத் தேர்வு நாளில் விடுப்பு கிடைக்கவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சு எழுந்தது. கம்பெனிகளுக்குப் பல்கலைக்கழகத்தின் பெயரில் கடிதம் அனுப்பலாமே என்று யாரோ சொன்னார்கள். சாருக்கும் அது பிடித்தது. நான் பெயர்களைச் சேகரித்தேன். அக்காவிடம் கேட்டேன். அவரும் யோசித்துவிட்டு, "போடும்மா. வாயால கெஞ்சறதவிட பேப்பர் பெட்டர்தானே" என்றார். சார் லெட்டர்ஹெட்டில் அடித்து ஒவ்வொரு கம்பெனியின் ஹெச்.ஆர். பிரிவுக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். குழுவில் கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. ராணிப்பேட்டைப் பக்கம் வேலை செய்த இரண்டு பேருக்கு உடனே விடுப்பு கிடைத்தது. எனக்கு அன்றைக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

அக்காவின் கம்பெனியில் வேறு மாதிரி ஆயிற்று. தொழிலாளிகள் தேர்வெழுதப் போகிறார்கள் என்பதே ஹெச்.ஆருக்கு அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கிறது. இதுவரை எப்படிப் போனார்கள், வருகைப் பதிவில் லீவே இல்லையே என்று தோண்டியிருக்கிறார்கள். மாதிரி அறையிலிருந்து ஆள் வந்து உட்கார்ந்த கதை வெளியே வந்துவிட்டது. அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். ஹெச்.ஆர். அனுமதி இல்லாமல் ஒரு பிரிவு ஆள் இன்னொரு பிரிவில் உட்காரக் கூடாது. ஷிப்மென்ட் முடியும் வரை தேர்வு விடுப்பு இல்லை.

அந்தக் கம்பெனியில் உள்ளே போகும்போதே கைபேசியை வாயிற்பெட்டியில் போட்டுவிட வேண்டும். அதனால் அக்கா எனக்கு அழைத்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. நான் பள்ளிகொண்டாவில் ஊர் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு, "சூப்பர்வைசருக்கே மெமோ குடுத்துட்டாங்கம்மா. அவர் மொகத்த என்னால பாக்க முடியல" என்றார்.

பஸ் வந்தது. ஏறாமல் நின்றேன். அடுத்ததிலும் ஏறவில்லை. பேருந்து நிறுத்தத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டிருந்தேன். பிரதிநிதி என்பவள் யார் சார்பாகவோ பேச வேண்டியவள். யாரிடம் பேசுவது என்றுதான் தெரியவில்லை.

அடுத்த நாள் கூடத்தில் அரை நாள் அனுமதி கேட்டுக்கொண்டு அக்காவின் கம்பெனிக்குப் போனேன். ஹெச்.ஆர். அறையில் என் வயதுக்காரர் ஒருவர் இருந்தார். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். பிரதிநிதி என்ற சொல்லுக்கு அந்த அளவு மதிப்பு இருந்தது. ஆனால் ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்றார். நான் எடுத்துச் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையசைத்துவிட்டு, கடைசியில் முதலில் சொன்னதையே சொன்னார்.

வாயிலுக்கு எதிரே டீக்கடையில் சூப்பர்வைசர் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். நான் யார் என்று சொன்னதும் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அந்த லெட்டர் அனுப்பினது நீங்கதானா?"

"ஆமாம் சார். நல்லதுக்குத்தான்..."

"நல்லதுதான். யார் இல்லன்னாங்க?" அவர் சிரித்தார், ஆனால் என்னைப் பார்த்து இல்லை. "இத்தினி வருசம் எனக்குக் கண்ணு தெரியாம இருந்துச்சும்மா. ஆபரேஷன் பண்ணி வுட்டீங்க. இப்போ எல்லாம் தெரியுது. தெரிஞ்சதுக்கு அப்புறம் எப்படி வுட முடியும்?"

நானும் ஒரு டீ சொன்னேன். என் டீக்கும் அவரே காசு கொடுத்துவிட்டுப் போனார். அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

தேர்வுக்கு ஒரு வாரமே இருந்தது. பல்கலைக்கழக எண்ணுக்கு அடித்தேன். கெடுவை நீட்டிக்க வழி உண்டா என்று மின்னஞ்சல் எழுதினேன். உங்கள் கோரிக்கை பெறப்பட்டது என்று தானாக ஒரு பதில் வந்தது. கூடத்தில் தோலை மடக்கும் இயந்திரம் டக் டக் என்று மடக்கிக்கொண்டிருக்க, நான் அதன் முன்னால் நின்று எதையும் பார்க்காமல் இருந்தேன். வேலையில் பிழை வரவில்லை. ஒவ்வொரு அளவையும் இரண்டு முறை சரிபார்த்தேன், எனக்கே என் மேல் நம்பிக்கை இல்லாததால்.

இதற்கு நடுவே மற்ற பிரதிநிதி வேலைகளும் நிற்கவில்லை. முதலாமாண்டு மாணவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கணினிச் செய்முறை வகுப்பு. கட்டாயம் வர வேண்டும். வராதவர்களுக்கு மதிப்பெண் கிடையாது. அக்காவின் தேர்வு முடிந்த இரண்டாம் நாள் அது. வருகிறேன் என்று உறுதி சொல்லாதவர்களுக்கு ஒவ்வொருவராக அழைக்கச் சொல்லியிருந்தார் சார். அதில் ஒரு பெண் குழுவில் எல்லோருக்கும் தெரிந்தவள். எவரும் நேரில் பார்த்ததில்லை. நான் ஞாயிறு வகுப்பு அறிவிப்பு போட்டால் போதும், கீழே, 'எங்களுக்கும் ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு வந்தா சொல்லுங்க' என்று எழுதுவாள். நானும் பதில் போடாமல் கடந்துவிடுவேன்.

சாயங்காலம் அழைத்தபோது எடுத்த உடனே, "ரெப் அக்காவா? எனக்கெல்லாம் கூட போன் பண்ணுவீங்களா?" என்றாள்.

செய்முறைக்கு ஏன் வர மாட்டாய் என்று கேட்டேன்.

"க்கா, எங்க யூனிட்டுக்கு வெள்ளிக்கிழமை லீவு. ஞாயித்துக்கிழமை வேலை. அட்மிஷன் போடும்போது யாரும் இத சொல்லல. வெள்ளிக்கிழமை க்ளாஸ் வெச்சா மொத பெஞ்சுல உக்காருவேன்."

எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சில தொழிற்சாலைகளுக்கு வெள்ளி விடுமுறை, சிலவற்றுக்கு ஞாயிறு. ஒரே முதலாளியின் இரண்டு யூனிட்டுகூட அப்படி இருக்கும். தெரிந்தே இருந்ததால் நான் யோசித்ததில்லை. எந்தக் கம்பெனி என்று கேட்டேன். அக்காவின் கம்பெனிதான். ஊரின் மறுபக்கத்தில் இருக்கும் இரண்டாவது யூனிட்.

ஒரு நாளாவது மாற்றிக்கொள்ள முடியாதா என்று கேட்டேன்.

"பண்டிகைக்கு மாத்துவாங்க. போன ரம்ஜான் அன்னிக்கு மெயின் யூனிட்லருந்து ஒரு அக்கா வந்து என் சீட்ல உக்காந்தாங்க. பொங்கலுக்கு நான் போய் அவங்க சீட்ல உக்காந்தேன். ஹெச்.ஆர்லயே கையெழுத்துப் போட்டுக் குடுப்பாங்க. அது வருசா வருசம் நடக்கறது. சும்மா க்ளாஸுக்குன்னா யார் வருவாங்க?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். பஸ்ஸுக்குள் இருந்தேன், பக்கத்தில் இருந்த அம்மாள் நான் இறங்கப் போகிறேன் என்று நினைத்துக் காலை நகர்த்திக்கொண்டார்.

"உனக்கு என்ன மெஷின்?"

"போஸ்ட் மெஷின். ஏன்க்கா?"

என்னிடம் எல்லோரைப் பற்றியும் விவரம் இருந்தது. பதிவு எண், பாடம், அரியர், கைபேசி எண், ரத்த வகைகூட. யார் எந்த மெஷினில் உட்காருகிறார்கள் என்று மட்டும் நான் ஒருவரையும் கேட்டதில்லை. என்றைக்கு லீவு என்றும் கேட்டதில்லை.

நான் சொல்லச் சொல்ல அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அப்படிக் கேட்பது அவளுக்குப் புதுசு என்று பிறகு தெரிந்தது. விஷயம் எளிது. அக்காவுக்கு வெள்ளிக்கிழமை வேண்டும், இவளுக்கு ஞாயிறு வேண்டும். இவளுடைய லீவு நாளில் இவள் போய் அக்காவின் மெஷினில் உட்கார்ந்தால், அக்கா தன் லீவு நாளில் வந்து இவள் மெஷினில் உட்காருவார். இரண்டு பேரும் லீவே எடுக்கவில்லை. லீவு நாளை மாற்றிக்கொள்கிறார்கள்.

"வெள்ளிக்கிழமை எங்க அம்மா வுடமாட்டாங்களே," என்றாள். பின்னால் ஏதோ குக்கர் விசில் அடித்தது. "சரி, நான் பேசிக்கிறேன். ஆனா அந்த ஆப்பா எனக்கு அதே ஞாயித்துக்கிழமை வந்து உக்காரணும். வேற ஞாயிறு தர்றேன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்."

ஆப்பா என்றால் அவர்கள் வீட்டில் அக்கா. பார்க்காத ஒருவரை அவள் அதற்குள் ஆப்பா ஆக்கிவிட்டிருந்தாள்.

இந்த முறை நான் கடிதம் எழுதவில்லை. சாரிடம்கூட முதலில் சொல்லவில்லை. அக்காவிடம் சொன்னேன், அக்கா சூப்பர்வைசரிடம் சொன்னார். அவர் உடனே சரி என்று சொல்லவில்லையாம். அந்தப் பெண் இந்த மாடலைத் தைத்ததில்லை, ஒரு நாள் சாயங்காலம் வந்து இரண்டு பீஸ் தைத்துக் காட்டட்டும் என்றாராம். அவள் போனாள். முதல் பீஸில் தையல் விலகிவிட்டது. "நூலு உங்களுது சரியில்ல" என்றாளாம் அவரிடமே. இரண்டாவது பீஸை அவர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெட்டியில் போட்டாராம். பெட்டியில் போட்டால் தேறியது என்று அர்த்தம்.

ஹெச்.ஆரிடம் அவரே வந்தார். நானும் அக்காவும் பின்னால் நின்றோம். தண்ணீர் கொடுத்த அதே இளைஞர் நாங்கள் நிரப்பிக் கொண்டுபோன நாள் மாற்றுப் படிவத்தைப் பார்த்துவிட்டு, இது பண்டிகைக்கு மட்டும்தான் சார் என்றார்.

சூப்பர்வைசர் மேஜை மேல் கையை வைத்தார். "பண்டிகைன்னு படிவத்துல எங்க போட்டிருக்குது? நாள் மாத்தறதுன்னுதான் இருக்குது. ஆளும் கம்மி ஆவல, பீஸும் கம்மி ஆவல. நீங்க ஒட்டின நோட்டீஸ்ல ஹெச்.ஆர். அனுமதி வேணும்னுதானே இருக்குது? அதுக்குத்தான் வந்திருக்கோம்."

அந்த இளைஞர் மேலதிகாரியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அன்றைக்குச் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. நான் வாட்ஸ்அப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தேன். வியாழக்கிழமை மதியம் வரைக்கும் அக்காவுக்கு நாளைக்குத் தேர்வெழுதப் போகிறோமா என்று தெரியாது. சாயங்காலம் கைபேசி கைக்கு வந்ததும் ஒரு படம் அனுப்பினார். படிவம், அதன் கீழே ஒரு கையெழுத்து, பக்கத்தில் 'இம்முறை மட்டும்' என்று ஒரு குறிப்பு.

வெள்ளிக்கிழமை எனக்கு வேலை நாள். அக்கா வேலூரில் தேர்வறையில், அந்தப் பெண் ஆம்பூரில் அக்காவின் மெஷினில், இரண்டு பேர் கைபேசியும் அணைந்து கிடக்கிறது. நான் நடுவில். அன்றைக்குப் பத்துத் துண்டுகளைக் கிழித்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் எந்த எடையில் கிழிகிறது என்று எழுதி, சராசரி போட்டு, விலக்கம் கண்டுபிடித்து, வர்க்கமூலம் எடுத்தேன். எடுத்துவிட்டேனா என்று மறுபடியும் பார்த்தேன்.

மதியம் தாண்டி அழைப்பு வந்தது.

"ரூட்டு எடுத்தேன்மா," என்றார் அக்கா. வேறு எதுவும் சொல்வதற்கு முன்னால் அதுதான். பிறகு மூன்றாவது கேள்வி பாதிதான் எழுதினேன், நேரம் போதவில்லை என்றார். குரல் இறங்கியது. பாதி எழுதினதற்கும் மதிப்பெண் போடுவார்கள் என்றேன். போடுவார்களா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது.

சாயங்காலம் அந்தப் பெண்ணின் குரல்பதிவு வந்தது. "அந்த ஆப்பா இன்னா ஒட்டகமா? சீட்ட அவ்ளோ ஒசரத்துல வெச்சிருக்காங்க. எறக்கலாம்னா திருகு அசையல. நாள் முழுக்கக் கால் தொங்கிட்டு இருந்துச்சு. பீஸ் எல்லாம் பாஸ், அத மட்டும் சொல்லிடுங்க."

ஞாயிற்றுக்கிழமை அவளை முதல் தடவை பார்த்தேன். குரலைக் கேட்டு உயரமான பெண்ணாக நினைத்து வைத்திருந்தேன். என் தோளுக்கும் கீழே இருந்தாள். செய்முறை அறையில் முதல் வரிசையில் உட்கார்ந்தாள், சொன்னபடி. ஏசி ஜாஸ்தி, டீ கம்மி என்று இரண்டு புகார் கொடுத்தாள். மாணவர் பிரதிநிதியிடம்தானே கொடுக்க வேண்டும்? அதே நேரத்தில் அக்கா ஆம்பூரில் அவள் மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். தேர்வுக்கு முன்னால் ஒரு நாள்கூடத் தூங்காத மனுஷி, அந்த ஞாயிறும் தூங்கவில்லை.

பிறகு முடிவுக்காகக் காத்திருப்பு. அது சில மாதங்கள் இழுத்தது. அதற்குள் செக்கிங் சீட் காலியாகிவிட்டது. அக்கா தேர்வு முடிவு வரட்டும் என்று கேட்டுக்கொண்டதால் தற்காலிகமாக வேறு ஒருவரை உட்கார வைத்தார்கள். தற்காலிகம் எப்போது நிரந்தரம் ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது. அக்கா என்னிடம் கேட்க மாட்டார். கேட்காமல் இருப்பதே கேட்பது போல இருக்கும். பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தைத் தினமும் காலையில் திறப்பது எனக்குப் பல் விளக்குவது போல ஆகிவிட்டது.

அந்த மாதங்களில்தான் சார், புதிய மாணவர்களுக்கான கையேட்டில் போட, மாணவர் பிரதிநிதி ஆவதன் நன்மைகள் என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். அவர் சொன்ன நான்கோடு ஐந்தாவதாக, யார் எந்த மெஷினில் உட்காருகிறார்கள், யாருக்கு என்றைக்கு லீவு என்று தெரிந்துகொள்ளலாம் என்று எழுதினேன். சார் அதை இரண்டு முறை படித்தார். "இது எப்படிம்மா நன்மை?" என்று கேட்டு, மற்ற நான்கை மட்டும் வைத்துக்கொண்டார்.

ஒரு நாள் மதியம், சாப்பாட்டு நேரத்தில், முடிவு வந்திருந்தது. அக்காவின் பதிவு எண் எனக்கு மனப்பாடம். பார்த்தேன். மூடிவிட்டு மறுபடியும் திறந்து பார்த்தேன். அழைத்தேன், மணி அடித்தது. வாயிற்பெட்டிக்குள் அடித்திருக்கும். சாயங்காலம் வரை அக்காவுக்குத் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். அன்றைக்கு மதியத்துக்குப் பிறகு நான் ஒரே இடத்தில் உட்கார்ந்ததாக நினைவில்லை.

ஷிஃப்ட் விடும் நேரத்துக்கு அக்காவின் கம்பெனி வாசலில் போய் நின்றேன். காவலாளி பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். பெண்கள் கூட்டமாக வந்து தங்கள் கைபேசியைத் தேடி எடுத்துக்கொண்டு போனார்கள். அக்கா கழுத்தைப் பிடித்துக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கைபேசியை எடுக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"இன்னாம்மா?"

"பாஸ் க்கா."

"நெஜமா? எவ்ளோ?"

சொன்னேன். தேறுவதற்கு வேண்டியதைவிட இரண்டு அதிகம்.

"அந்த ரூட்டுக்குத்தான் அந்த ரெண்டு," என்றார். சிரிக்கவில்லை. பெட்டிக்குள் கைவிட்டுத் தன் கைபேசியை எடுத்தார், திறக்கவில்லை, பையில் போட்டார். உள்ளே திரும்பிப் பார்த்தார். சூப்பர்வைசர் இன்னும் வெளியே வரவில்லை. அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், அதுவரைக்கும் நிற்கலாம் என்றார். நின்றோம்.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் குட்டிப் பொண்ணுக்குப் பரீட்சை எப்போ?" என்று கேட்டார்.

அடுத்த மாதம், இரண்டு தாள் ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது என்றேன். படிவத்தில் இம்முறை மட்டும் என்று எழுதியிருக்கிறதே என்றும் நினைவுபடுத்தினேன்.

"அது என் படிவம். அவளுக்கு வேற படிவம். ரெண்டு ஞாயிறும் நான் போய் உக்கார்றேன்னு சொல்லு. செக்கிங்குக்குப் போய்ட்டாலும் கை மறந்துடாது." சூப்பர்வைசர் தூரத்தில் வருவதைப் பார்த்துச் சேலையைச் சரிசெய்துகொண்டார். "சீட்ட மட்டும் ஏத்தி வெச்சிட்டுப் போவச் சொல்லு. போன வாட்டி தரையில உக்காந்து தெச்ச மாதிரி இருந்துச்சு."